ராட்டினத் திடலும் டிக்கெட் வாசலும்

 

அரையாண்டு விடுமுறைக்கு வந்த பேரன், புதிதாகத் திறந்த தீம் பார்க்குக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா என்று 2025 டிசம்பரில் திறந்தார்களே, அங்கேதான். மகனும் மருமகளும் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் எதிலும் ஏறவில்லை. எல்லோருடைய பைக்கும் செருப்புக்கும் காவலாக நிழலில் உட்கார்ந்திருந்தேன். என்னைப்போல் பை காவலுக்கு உட்கார்ந்திருந்த ஆயாக்கள் அந்த வரிசையில் நிறையப் பேர்.

திரும்பி வரும்போது காரில் பேரன் கேட்டான்: “ஆயா, நீங்க சின்னப் புள்ளையா இருந்தப்ப இந்த மாதிரி எல்லாம் இருந்துச்சா?”

“இருந்துச்சுடா. வாசல்தான் இல்ல” என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் தூங்கியும் போனான். அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே, இருபத்தெட்டு வருஷமாக நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றும் இருக்கிறது. அது கடைசியில் வரும். கொஞ்சம் நீளம்தான். டீச்சர் பாடம் எடுத்தால் மணி அடித்தும் நிறுத்தமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியாததா?

என் சின்ன வயதில் காடாம்புலியூர்ப் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம் என்றால் அது வடலூர் தைப்பூசம். வள்ளலார் 1867-இல் அங்கே தருமசாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, வந்தவர்க்கெல்லாம் சோறு போடுகிறது. 1872-இல் சத்திய ஞான சபை எழும்பியது. பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கி ஜோதி தரிசனம். பெரியவர்கள் ஜோதி பார்க்க வந்தார்கள். நாங்கள், உண்மையைச் சொன்னால், ராட்டினம் பார்க்க வந்தோம்.

பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த அந்தப் பெருவெளி நிலத்திலும் அதைச் சுற்றியும் கடைகள் முளைத்துவிடும். வளையல் கடை, பஞ்சு மிட்டாய், பயாஸ்கோப் பெட்டி, மரக்குதிரை வைத்த குடை ராட்டினம், நாலு தொட்டில் கட்டிய தொட்டில் ராட்டினம். மின்சாரம் கிடையாது, இரண்டு ஆட்கள் கையால் தள்ளிச் சுற்றுவார்கள். மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர் எங்களுக்குச் சினிமா நடிகரைவிடப் பெரிய ஆள். உள்ளே போய்ப் பார்க்கக் காசில்லாத பையன்கள் வெளியே நின்று சத்தத்தைக் கேட்டே, “இப்போ மேல ஏறிட்டாரு, இப்போ எறங்குறாரு” என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

1967 என்று ஞாபகம், எனக்கு எட்டு வயது. ராட்டினத்தில் ஒரு சுற்றுக்குப் பத்துப் பைசா. அப்பாவிடம் அன்றைக்கு அதற்கென்று இருந்தது ஒரே ஒரு பத்துப் பைசா, பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் தம்பிக்கு விழுந்தது. அவன் சுற்றினான். நானும் அக்காவும் கீழே நின்று அவன் கீழே வரும்போதெல்லாம் கை காட்டினோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். ‘அந்தக் காலத்தில் எல்லாம் இன்பமயம்’ என்று நான் எழுதப்போகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் இதையும் சொல்கிறேன். வாசல் இல்லாத திடலிலும் காசில்லாத பிள்ளை நின்று வேடிக்கைதான் பார்த்தது.

ஆடிக் களிக்கும் ஆசை நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் வாழ்த்துக் காதையில் ஊசல் வரி என்றே ஒரு பகுதி உண்டு. பெண்கள் ஊஞ்சலாடிப் பாடுவது. மாணிக்கவாசகர் திருப்பொன்னூசல் பாடியிருக்கிறார். புகார் நகரத்தில் இந்திர விழா 28 நாள் நடந்தது என்கிறது மணிமேகலை. ஒரு நகரமே வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இருபத்தெட்டு நாள் கொண்டாடியிருக்கிறது! ராட்டினம் என்ற சொல்லையும் பாருங்கள். கிணற்றில் கயிறு ஓடுவதும் ராட்டினம், நூல் நூற்பதும் ராட்டினம், பிள்ளைகள் ஏறிச் சுற்றுவதும் ராட்டினம். வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே சக்கரம்.

உலகத்திலும் இப்படித்தான். பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயப் பயணி 1620-இல் துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்த, இன்றைய பல்கேரியாவின் பிளோவ்டிவ் ஊரில், ஆட்கள் கையால் சுற்றும் ராட்டினத்தைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். நம் வடலூர்த் தொட்டில் ராட்டினத்துக்கு அது தாயாதி. ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சாரம் கட்டி, அதன்மேல் தண்ணீரை ஊற்றிப் பனிக்கட்டியாக உறையவைத்துச் சறுக்கி விளையாடினார்கள். இன்றைய ரோலர் கோஸ்டருக்குப் பாட்டன் அந்தப் பனிச்சறுக்குதான். 1884-இல் லாமார்கஸ் தாம்சன் என்பவர் அமெரிக்காவில் கோனி தீவில் தண்டவாளம் போட்டு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் வண்டியை விட்டார். கட்டணம் ஐந்து சென்ட். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான். நம் ஊர் மாட்டுவண்டி ரேக்ளாவில் அதைவிட வேகமாகப் போகும்! ஆனாலும் ஜனங்கள் வரிசையில் நின்று ஏறினார்கள்.

அடுத்தது 1893. அந்த ஆண்டைச் சொன்னவுடன் என் மாணவர்களுக்குச் சிகாகோவும் விவேகானந்தரும் ஞாபகம் வந்திருக்கவேண்டும். அவர் பேசிய சர்வசமயப் பேரவை, அங்கே நடந்த மாபெரும் உலகக் கண்காட்சியை ஒட்டிக் கூட்டப்பட்டது. அதே கண்காட்சியில்தான் ஜார்ஜ் பெரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்துக்கு இரும்பு ராட்டினத்தை நிறுத்தினார். சிதம்பரம் கோபுரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். பெருக்கிப் பாருங்கள், ஒரே நேரத்தில் 2160 பேர்! அவர் பெயரால்தான் ஆங்கிலத்தில் அதை இன்றும் ‘பெரிஸ் வீல்’ என்கிறார்கள். நாம் ஜெயன்ட் வீல் என்கிறோம்.

நம் சென்னையிலும் அப்போது பெரிய கேளிக்கைத் திடல் ஒன்று இருந்தது. சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான பூங்கா. குளங்கள், மரங்கள், மிருகக்காட்சி சாலை என்று எல்லாம் அங்கே இருந்தன. வருஷக் கடைசியில் பார்க் ஃபேர் என்று பொருட்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31-ஆம் தேதி அந்தப் பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். புத்தாண்டுக்கு முந்தின நாள், பிள்ளைகுட்டிகளோடு வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். கூட்டம் கூடும் இடத்தில் வெளியே போக வழி எங்கே என்பதை முதலில் பார்த்து வைக்கவேண்டும் என்று உங்களுக்கு நான் ஒவ்வொரு சுற்றுலாவிலும் சொன்னேனே, அது சும்மா சொன்னதல்ல.

அந்தப் பூங்காவின் மிருகக்காட்சி சாலைதான் பிறகு வண்டலூருக்குப் போனது. 1985-இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறந்தார்கள். நம் ஊரிலிருந்து ஒருநாள் சுற்றுலா போகிற பஸ் எல்லாம் அங்கே நிற்காமல் வந்ததே இல்லை.

இப்போது தீம் பார்க்குக்கு வருவோம். ராட்டினங்கள் இருந்தால் மட்டும் அது தீம் பார்க் ஆகாது. ஒரு கதையை, ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொண்டு, வாசலில் தொடங்கிக் குப்பைத்தொட்டி வரை எல்லாவற்றையும் அந்தக் கதைக்குப் பொருந்தும்படி அமைப்பதுதான் தீம் பார்க். அதை உலகத்துக்கு அழுத்திக் காட்டியவர் வால்ட் டிஸ்னி. மிக்கி எலியை நமக்குக் கொடுத்த அதே டிஸ்னி. தன் பெண்பிள்ளைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய், அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றும்போது தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்தே விளையாடும் இடம் ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்ற எண்ணம் அங்கே வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, பை காவலுக்கு உட்கார்ந்த அப்பா ஒருவர் யோசித்ததுதான் இத்தனையும்!

கலிபோர்னியாவில் அனாஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பை வாங்கி, மரங்களை வெட்டி, ஒரே வருஷத்தில் டிஸ்னிலேண்டைக் கட்டினார். 1955 ஜூலை 17-இல் திறப்பு விழா. அன்று ஒரே ரகளை. போலி அழைப்புச் சீட்டோடு ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்துவிட்டார்கள். வெயில் கொளுத்தியது. அவசரமாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்பு புதைந்தது. குழாய் வேலைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் குடிதண்ணீருக்கும் பஞ்சம். நம் ஊர்க் கல்யாண மண்டபத் திறப்பு விழா கெட்டது போங்கள்! ஆனால் அதற்குப் பிறகு அது நிலைத்துவிட்டது.

டிஸ்னிலேண்டில் முதலில் உள்ளே நுழையப் பெரியவருக்கு ஒரு டாலர். உள்ளே ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிச் சீட்டு. பிறகு சீட்டுகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்துப் புத்தகமாகத் தைத்து விற்றார்கள். மிகச் சிறந்த விளையாட்டுக்கு ‘ஈ’ சீட்டு வேண்டும். 1982-இல் அந்தச் சீட்டுப் புத்தகங்களை எடுத்துவிட்டு, வாசலிலேயே ஒரே கட்டணம், உள்ளே எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்று மாற்றினார்கள். இன்று உலகத்தில் பெரும்பாலான தீம் பார்க்குகள் இந்த வழியில்தான் நடக்கின்றன.

இதில் ஒரு நியாயமும் உண்டு, ஓர் அநியாயமும் உண்டு. உள்ளே வந்துவிட்ட பிள்ளைகளுக்குள் வேற்றுமை இல்லை. ஒருத்தன் சுற்ற இரண்டு பேர் கீழே நின்று கை காட்டும் நிலைமை இல்லை. எட்டு வயது நானாக இருந்து பார்த்தால் இது பெரிய நியாயம். ஆனால் வடலூரில் நான் அழுததை அப்பா பார்த்தார், ராட்டினம் சுற்றியவரும் பார்த்தார். இங்கே காசில்லாத பிள்ளை மதிலுக்கு வெளியே எங்கோ ஓர் ஊரில் இருக்கிறது. அது அழுதால் உள்ளே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

இந்தியாவில் இந்தக் கதை 1980-களில் வேகம் பிடித்தது. டெல்லியில் 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்குச் சின்னமாக இருந்த அப்பு யானையின் பெயரால் 1984 நவம்பர் 19-இல் அப்பு கர் திறந்தது. 2008-இல் அது மூடப்பட்டபோது டெல்லிக்காரர்கள் வீட்டு மனிதர் போனதுபோல் வருத்தப்பட்டார்கள். 1989-இல் மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு. தூர்தர்ஷனில் அதன் விளம்பரம் வந்தால் நம் பிள்ளைகளுக்கு இந்தி தெரியாவிட்டாலும் பாட்டு மட்டும் தெரியும்.

தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 1970-களிலேயே, தவணை முறையில் வீட்டுச் சாமான் விற்றுப் பேர் வாங்கிய வி.ஜி. பன்னீர்தாஸ் குடும்பத்தார் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் தங்கக் கடற்கரையை உருவாக்கியிருந்தார்கள். அங்கே அசையாமல், சிரிக்காமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க எத்தனை பேர் என்னென்ன சேஷ்டை செய்திருப்பீர்கள்! பூம்புகாரில் அதே 1970-களில் அரசு எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் நான் இந்தக் கணக்கில் சேர்ப்பேன். ராட்டினம் இல்லை. ஆனால் ஒரு காப்பியத்தை எடுத்துக்கொண்டு ஓர் இடத்தையே அதன்படி அமைத்ததுதானே அது? கதைப்படி அமைத்த பூங்கா என்றால் அதுவும் ஒரு தீம் பார்க்தான்.

1995-இல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா வந்தது. அதைத் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன். 1984-இல் இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்த தயாரிப்பாளர். கண்ணாடி போட்டுக்கொண்டு திரையிலிருந்து வரும் ஐஸ்கிரீமைப் பிடிக்கக் கை நீட்டினோமே, அவர்தான். சினிமாக்காரர் கட்டியதால் பெயரிலேயே ஒரு கதை வைத்தார். வாலியும் சுக்ரீவனும் ஆண்ட வானர ராச்சியத்தின் பெயர். வாலில்லாத குரங்குகள் நாம் போய்க் குதிக்கப் பொருத்தமான பெயர்தான்!

பிறகு முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர், மதுரையில் அதிசயம், பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் சாலையில் குயின்ஸ்லேண்ட் என்று வரிசையாக வந்தன. கேரளத்தில் வி-கார்ட் கொச்சவுசேப் சிட்டிலப்பள்ளி 2000-இல் கொச்சி பக்கத்தில் வீகாலேண்ட் தொடங்கினார். 2011-இல் முன்பின் தெரியாத ஒரு லாரி ஓட்டுநருக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தவர் அவர். அந்தப் பூங்காதான் வொண்டர்லாவாகி, 2005-இல் பெங்களூர், 2016-இல் ஹைதராபாத், 2024-இல் புவனேசுவரம் என்று பரவி, இப்போது நம் திருப்போரூர் வரை வந்திருக்கிறது.

நம் தென்னாற்காடு, கடலூர்ப் பள்ளிகளுக்குக் கிஷ்கிந்தா ஏன் பிடித்துப்போனது தெரியுமா? பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று ஒரே சாலை. பட்டணத்துக்குள் நுழையாமலே, நெரிசலில் மாட்டாமலே போய்விடலாம். காலையில் வண்டலூர், மதியம் கிஷ்கிந்தா, ராத்திரி வீடு. இனிமேல் நான் சொல்லப்போவது அப்படிப்பட்ட ஒரு நாளைப் பற்றி.

1998 ஜனவரி. எட்டாம் வகுப்புக்கு நான் வகுப்பாசிரியை. எட்டையும் ஏழையும் சேர்த்து ஒரு பஸ் ஏற்பாடு செய்தோம். பஸ், நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 180 ரூபாய். முந்திரி உடைக்கப் போகும் ஒரு தாய்க்கு அது ஒரு வாரத்துக்குக் குறையாத கூலி. அந்தக் கணக்கை நான் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. கணக்கு டீச்சர்!

பணம் வசூலிக்க மூன்று நாள் தொடர்ந்து, “பணம் கட்டாதவங்க எல்லாம் எழுந்து நில்லுங்க” என்றேன். முதல் நாள் பாதி வகுப்பு நின்றது. இரண்டாம் நாள் பத்துப் பன்னிரண்டு பேர். மூன்றாம் நாள் ஐந்து பேர்தான் நின்றார்கள். மீதிப் பேர் அன்று பள்ளிக்கே வரவில்லை. எனக்கு அது உறைக்கவில்லை. என் நோட்டில் பணம் கட்டியவர்கள் பெயர் மட்டும்தான் இருந்தது. பஸ்ஸில் தலை எண்ணும்போதும் அந்த நோட்டைத்தான் பார்த்தேன். 52 பேர். கணக்குச் சரி.

போனோம், வந்தோம். பிள்ளைகள் குதித்தார்கள், நனைந்தார்கள், தொண்டை கட்டும்வரை கத்தினார்கள். ரோலர் கோஸ்டரில் தலைகீழாகப் போனாலும் ஏன் விழுவதில்லை என்று கேட்டவனுக்கு, மறுநாள் வகுப்பில் வாளியில் தண்ணீர் ஊற்றிச் சுழற்றிக் காட்டினேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்த வண்டிக்கு மேலே இரண்டு சக்கரம் மட்டுமல்ல, தண்டவாளத்தின் பக்கவாட்டிலும் அடியிலும் பிடித்துக்கொள்ளும் சக்கரங்களும் உண்டு. எஞ்சின் இல்லாமலே சங்கிலியால் மேலே இழுத்துவிட்டு, மீதி வேலையைப் புவியீர்ப்பு செய்கிறது என்று படம் போட்டு விளக்கினேன். வகுப்பு நன்றாகத்தான் போனது.

அதன் பிறகு, வழக்கம்போல, “நான் சென்ற இன்பச் சுற்றுலா” என்று கட்டுரை எழுதச் சொன்னேன். முழு வகுப்புக்கும்.

திருத்தும்போது ஒரு கட்டுரை தனியாக நின்றது. மற்றவர்கள் எல்லாம், “காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம், இட்லி சாப்பிட்டோம், மகிழ்ச்சியாக இருந்தது” என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பிள்ளை, சறுக்கில் இறங்கியது எப்படி இருந்தது என்று எழுதியிருந்தாள்: முந்திரிக் கொல்லைச் செம்மண் மேட்டிலிருந்து சாக்கில் உட்கார்ந்து சறுக்கினால் வயிறு மேலே ஏறி நெஞ்சுக்கு வருமே, அப்படி இருந்ததாம், ஆனால் கீழே மண் இல்லை, தண்ணீர் இருந்ததாம். பத்துக்கு ஒன்பதரை போட்டேன். நான் யாருக்கும் அவ்வளவு போடுகிறவள் இல்லை. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி நானே சத்தமாகப் படித்தேன்.

பாதி படிக்கும்போதே பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் சொன்னான்: “டீச்சர், அவ வரவே இல்ல டீச்சர்.”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தப் பிள்ளை நோட்டைப் பார்த்தபடி நின்றாள், அழவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் நாள் வராதவர்களில் ஒருத்தி. பஸ் கிளம்பிய நாளிலும் இல்லை. எனக்கு அது தெரியவே இல்லை. போகாத பிள்ளைகளுக்கு வேறு தலைப்புக் கொடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வந்தவர்கள் இரண்டு நாளாகப் பேசியதைக் கேட்டு, தனக்குத் தெரிந்த செம்மண் மேட்டைக் கொண்டுபோய் அங்கே வைத்து எழுதியிருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “சரி, உட்காரு” என்று சொல்லிவிட்டுக் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டேன். சிரித்தவர்களை அதட்டவில்லை. அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் முகம் சிவந்ததை மறைப்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

அதன் பிறகு நான் பணம் கேட்டு யாரையும் எழுந்து நிற்கச் சொன்னதில்லை. வெள்ளிக் கடற்கரை, பிச்சாவரம், செஞ்சிக் கோட்டை, பூம்புகார் என்று செலவு குறைவான இடங்களாகப் பார்த்துப் போனோம். கட்ட முடியாதவர்களுக்கு நாங்கள் ஆசிரியர்களே பங்கு போட்டுக்கொண்டோம். அது வெளியில் தெரியவேண்டாம் என்று அப்போது சொல்லவில்லை. 2017-இல் ஓய்வு பெறும்வரை இப்படித்தான். ஆனால் அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் பண்ருட்டியில் ஒரு கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், “டீச்சர், என்னைத் தெரியுதா?” என்று ஒரு குரல். பார்த்தவுடன் தெரிந்தது. பெயரை இங்கே எழுத மாட்டேன். பக்கத்தில் அவளுடைய பெண், பத்தாவது படிக்கிறாளாம். நலம் விசாரித்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரே வழியில், சுற்றி வளைத்துக் கேட்டேன்: “அப்புறம் எப்பவாவது கிஷ்கிந்தா போனியாம்மா?”

“எங்க டீச்சர்! போகவே இல்ல. அதான் அப்பவே எழுதிட்டேனே” என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, “ஒன்பதரை மார்க்கு நீங்க அடிக்கல டீச்சர். அந்த நோட்டு ரொம்ப நாள் வச்சிருந்தேன். தானே புயல்ல வீட்டுக் கூரை போனப்போதான் நனைஞ்சு போச்சு” என்றாள்.

அங்கேயும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கல்யாணக் கூட்டம், யாரோ கூப்பிட்டார்கள், அவளும் போய்விட்டாள். வொண்டர்லாவில் நிழலில் உட்கார்ந்து, அலைக்குளத்தின் ஓரத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் நனைக்கும் பெண்களைப் பார்த்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது. அவள் வயதில் எத்தனை பேர் இன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே வருகிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன். இயந்திரம் காற்றைத் தள்ளி அலை எழுப்புகிறது என்று தெரிந்திருந்தும், அலை வரும்போது எல்லா வயதுக்காரர்களும் ஒரே மாதிரி கத்தினார்கள். அந்தச் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. தீம் பார்க் கெட்டது என்று நான் சொல்லவில்லை, பேரன் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு வேண்டும். அதே சிரிப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருமுறையாவது வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் பெண் என் பதிவுகளுக்கெல்லாம் இதயம் போடுகிறாள். அன்றைக்கு வகுப்பில் உன்னை நிற்கவைத்தது என் தப்பு. நீ வராதது எனக்குத் தெரியாமல் போனது அதைவிடப் பெரிய தப்பு. மதிப்பெண் சரிதான், அதில் மாற்றமில்லை.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் பழைய மாணவர் குழுவில் இத்தனை பேர் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். நாம் படித்த, படிப்பித்த பள்ளியில் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் அத்தனை பேரையும், ஒருவர் விடாமல், இந்த ஆண்டுத் தேர்வு முடிவதற்குள் ஒருநாள் கூட்டிப்போவோம். எங்கே என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். தீம் பார்க்தான் வேண்டும் என்றால் அங்கேயே போகட்டும். பள்ளிக் குழுக்களுக்குக் கட்டணத்தில் சலுகை உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தலைமையாசிரியரிடம் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, முதலுதவிப் பெட்டி, இருபது பிள்ளைக்கு ஒரு பெரியவர், இவை கட்டாயம்.

யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று குழுவில் பட்டியல் போடக்கூடாது. எந்தப் பிள்ளை கட்டியது, எந்தப் பிள்ளை கட்டவில்லை என்ற பேச்சே வரக்கூடாது. என் ஓய்வூதியத்திலிருந்து முதல் ஐயாயிரத்தை எடுத்து வைத்துவிட்டேன். பஸ் கிளம்பும்முன் தலை எண்ணும்போது பணம் கட்டிய நோட்டை வைத்து எண்ணாதீர்கள். வருகைப் பதிவேட்டை வைத்து எண்ணுங்கள்.

இன்னும் சில நாளில் வடலூரில் பூசம். முட்டி வலி இருந்தாலும் நான் போவேன். அந்தப் பக்கம் வருகிறவர்கள் தருமசாலையில் சாப்பிட்டுவிட்டு, ராட்டினத் திடலில் என்னைத் தேடுங்கள். அக்காவும் வருகிறாள். இந்த முறை நாங்கள் இரண்டு பேரும் ஏறப்போகிறோம், தம்பிதான் கீழே நின்று கை காட்டப்போகிறான்.

எல்லோரும் நன்றாக இருங்கள்.

உங்கள் டீச்சர்,
காடாம்புலியூர்